ஆயா திரும்பி வந்த அத்தியாயம்

கொண்டையிலிருந்து ஊசியை உருவி, பத்திரிகையின் நடுவில் இருக்கும் கம்பிப் பின்னுக்குக் கீழே செருகி, ஒரு நெம்பு. அடுத்த பின்னுக்கு இன்னொரு நெம்பு. தொடர்கதைப் பக்கங்கள் கிழிசல் இல்லாமல் கையோடு வந்துவிடுகின்றன. துணுக்கு, சினிமா, சமையல் குறிப்பு எல்லாம் அடங்கிய மீதிப் பத்திரிகையைப் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்துவிடுகிறாள் ஜெயசீலி. "நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வேண்டியதை எடுத்தாச்சு." தாம்பரத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறுகிறவர்களுக்கு வியாழக்கிழமை காலையில் ஓசிப் பத்திரிகை கிடைப்பது இப்படித்தான்.

அவள் வீடு சிட்லபாக்கத்தில். பக்கத்து ஸ்டேஷன் சானடோரியம். மற்ற நாட்களில் அங்கேதான் ஏறுவாள். வியாழக்கிழமை மட்டும் எதிர்த் திசையில் தாம்பரம் போகிறாள். அங்கே கடைக்காரர் கட்டுப் பிரிக்கும்போதே பத்திரிகை கிடைக்கும், ரயில் அங்கிருந்தே புறப்படுவதால் ஜன்னலோரமும் கிடைக்கும். கிடைத்ததும் படித்துவிட மாட்டாள். குரோம்பேட்டைக் கூட்டம் ஏறி, இடித்து, சண்டை போட்டு, அடங்க வேண்டும். பல்லாவரம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைத் தொடுவாள். அதற்கப்புறம் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் மூக்கறுபட்டதுதான் மிச்சம்.

வயது நாற்பத்து நாலு. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தரம் கேட்டதில்லை. கரை போட்ட வெள்ளைப் புடவை, கழுத்தில் மாதா உருவம் பொறித்த சுரூபம், கையில் ஆண்பிள்ளைக் குடை. முன்கோபி. பால்காரர் முதல் செக்ஷன் ஆபீசர் வரை அவள் கோபத்தைப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி, செத்து ஆயிரம் வருஷம் ஆன ராஜாக்களுக்காகப் படுகிற கோபம் என்பது பலருக்குத் தெரியாது.

காதல் கதை, குடும்பக் கதை எதையும் அவள் தொடுவதில்லை. "ரெண்டு பேரு பார்த்தாங்க, அழுதாங்கன்னு எழுதறதுக்குக் காகிதம் எதுக்கு? இருந்தவங்களைப் பத்தி எழுதணும். இந்த மண்ணுல நடந்தாங்க, சண்டை போட்டாங்க, செத்தாங்கன்னு இருக்கணும்." அப்படி இருந்தவர்கள் எல்லோரும் அவள் வீட்டுச் சுவர் அலமாரியில், திருஇருதயப் படத்துக்கு நேர் கீழே, பைண்டு செய்யப்பட்டு வரிசையாக நிற்கிறார்கள். ராஜாக்கள், படைத்தலைவர்கள், அர்ச்சிஷ்டவர்கள் என்று அவள் சொல்லும் புனிதர்கள், ஜெயிலுக்குப் போன தேசபக்தர்கள். வாரா வாரம் நெம்பி எடுத்த பக்கங்கள். நடுவே நாப்தலின் உருண்டைகள். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்த வருஷம், அரிசி மூட்டையைத் தரையில் விட்டுவிட்டு இவர்களைத்தான் அவள் கட்டில் மேல் ஏற்றினாள். அம்மா திட்டியது ஒரு மாசம் ஓடியது.

பைண்டர் அப்பாதுரையின் கடை மேற்குத் தாம்பரத்தில். ஜெயசீலி வந்தாலே அவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். பக்க ஓரத்தை வெட்டிச் சீராக்குவது பைண்டர் தொழில். அதில் அத்தியாயத்தின் அடியில் இருக்கும் 'தொடரும்' என்ற சொல் ஒரு தரம் பாதி வெட்டுப்பட்டுப் போனது. அன்றைக்கு அந்தத் தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. "தொடரும்னு போட்டா அது எழுதினவர் குடுத்த வாக்கு. அதை வெட்ட நீங்க யாரு?" அன்றிலிருந்து அவள் புத்தகங்கள் மட்டும் ஓரம் முன்னும் பின்னுமாக இருக்கும். அப்பாதுரை பார்ப்பவர்களிடம் எல்லாம், அது தன் வேலை இல்லை என்று சொல்லிக்கொள்வார்.

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிப் போய், பிடித்த வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்தாள். ஜெயசீலி டீச்சரை வாசலிலேயே நிறுத்தி, ரப்பரைக் கையில் கொடுத்து, அத்தனை கோட்டையும் அழிக்க வைத்தாள். பென்சிலுக்கே இந்தக் கதி. பேனா பட்ட புத்தகம் அந்த அலமாரியில் ஒன்றுகூடக் கிடையாது. தன் பெயரைக்கூட அவள் எழுதுவதில்லை. "புஸ்தகத்துல எழுதற உரிமை எழுதினவருக்குத்தான். நமக்குப் படிக்கற உரிமை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது" என்பாள்.

இந்தப் பக்தியில் ஒரு குரூரமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆபீஸில் மாணிக்கவேல் என்று ஒரு கிளார்க். மதுராந்தகத்துக்கு அப்பால் ஊர். சாதுவான மனிதர். ஒரு சரித்திரத் தொடரில், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட படைத்தலைவன் ஒருவன் வந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெயசீலி அவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தபோது மாணிக்கவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மிஸ், அவரு எங்க ஊர்க் காவல் தெய்வம். கதவைத் திறந்தவர் இல்ல. கதவுலயே நின்னு செத்தவரு. வருஷா வருஷம் நாங்க பொங்கல் வைக்கிறோம். அந்தக் கதை வந்ததுலேர்ந்து பக்கத்து ஊர்க்காரன் எல்லாம் எங்களைத் துரோகிப் பரம்பரைங்கறான்."

"இருக்கலாம் சார்," என்றாள் ஜெயசீலி, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "ஆனா கதைன்னு இருந்தா ஒரு துரோகி வேணும். இல்லாட்டி அவ்வளவு பெரிய ராஜா எப்படித் தோப்பாரு?"

சாப்பாட்டு மேஜையே சிரித்தது. மாணிக்கவேல் டிபன் காரியரை மூடிக்கொண்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து ஜன்னலோரம் தனி மேஜையில் சாப்பிட ஆரம்பித்தார். அவர் ஏன் அங்கே போனார் என்று ஜெயசீலி யோசித்ததே இல்லை. அவளுக்கு அந்த ராஜாவின் தோல்வியே பெரிதாக இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. எழுத்தாளர் ஸ்ரீரங்கன் அடுத்து எழுதப்போவது டாக்டர் சாம்பசிவனின் வாழ்க்கை, நாவல் வடிவில். அந்த டாக்டர் முப்பதுகளில் கோவளத்தில் மீனவர் குப்பத்துக்கு நடுவே தர்ம ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். காலரா வந்து குப்பம் பாதி காலியான வருஷத்தில் அங்கேயே கிடந்து வைத்தியம் பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆயா இருந்தாள். பெயர் அருள்மேரி. அவள்தான் ஜெயசீலியின் அம்மா.

அறிவிப்பைப் படித்த அன்று ஜெயசீலி பார்க் ஸ்டேஷனில் இறங்க மறந்து பீச் வரைக்கும் போய்விட்டாள்.

யாரோ சொல்லி, ஸ்ரீரங்கன் சிட்லபாக்கத்துக்கே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் திருவிழாவுக்காக அம்மா கோவளம் போயிருந்த சமயம். பீங்கான் கோப்பையில் காப்பி, தட்டில் பிளம் கேக், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அவர் எழுதிய நாலு தொடரும் அவள் அலமாரியில் இருந்தன. எடுத்துக் காட்டினாள். அவர் வாங்கிப் புரட்டி, "இவ்வளவு அழகா என் வீட்டுலகூட இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிப்போனாள். அம்மா சொன்ன அத்தனையும் சொன்னாள். சொல்லக்கூடாததையும் சொன்னாள்.

காலரா உச்சத்தில் இருந்தபோது ஒரு மத்தியானம் அருள்மேரி ஆஸ்பத்திரியை விட்டு ஓடிப்போனாள். அன்று காலையிலிருந்து செத்தவர்களைத் தூக்கிப் போட ஆள் இல்லை. வீட்டில் பத்து வயசுப் பெண் ஒன்று இருந்தது, அது ஜெயசீலிதான். தான் செத்தால் அதற்கு யார் என்ற பயம் வந்தது. எழுந்து ஓடினாள். சவுக்குத் தோப்பு வரைக்கும் ஓடினவளுக்கு, ஆஸ்பத்திரி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. நோயாளிகளுக்கு ஏற்றும் உப்புத் தண்ணீருக்காகக் கொதிக்க வைத்த தண்ணீர். அது வற்றினால் அடுத்த ஆள் செத்தான். தோப்பு மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் திரும்பி நடந்தாள். டாக்டர் வாசலில் நின்றிருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "தண்ணி கொதிச்சாச்சா, அருள்மேரி?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் காலரா ஓயும் வரைக்கும் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஸ்ரீரங்கன் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அருமையான கட்டம்மா" என்றார். ஜெயசீலி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சில் வந்த பிறகு மொத்தமாகக் காட்டிச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எண்ணம்.

தொடர் ஆரம்பித்தது. லேடீஸ் பெட்டியே அதைப் படித்தது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் காலரா வந்தது. ஆயாவும் வந்தாள், மேரி என்ற பெயரில். மத்தியானம் நள்ளிரவாக மாறியிருந்தது. வெயிலுக்குப் பதில் புயல். கையில் அரிக்கேன் விளக்கோடு ஆயா சவுக்குத் தோப்புக்குள் ஓடுகிறாள். பின்னால் டாக்டர், "மேரி, மேரி!" என்று கூப்பிடுகிறார். விளக்கு அணைகிறது. தொடரும்.

இந்த இடத்தில்தான் ஜெயசீலி, ஜெயசீலி மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். புயலையும் விளக்கையும் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. "ராத்திரின்னாதான் எடுப்பா இருக்கும். வெயில்ல ஓடினா யாருக்கு மனசு பதறும்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆள் ஓடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, திரும்பி வருவதை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறார், அதுதானே தொடர்கதை இலக்கணம் என்று பூரித்துப்போனாள். அவள் அலமாரியில் அப்படி நிறுத்தாத அத்தியாயம் எது? பெட்டி முழுக்கக் கேட்கும்படி முதல்தடவையாக வாய் திறந்தாள். "அந்த ஆயா எங்கம்மா. அடுத்த வாரம் பாருங்க."

அந்த ஒரு வாரம் அவள் சொல்லாத இடம் இல்லை. ஆபீஸில் சொன்னாள். ஞானசௌந்தரி டீச்சரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மா மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தபோது, கோயில் வாசலில் நின்ற பெண்களிடம் தணிந்த குரலில் சொன்னாள். அந்தத் தொடரைப் படிக்காதவர்களும் வாங்கிப் படித்தார்கள். எல்லோரும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை பல்லாவரம் வரை அவளால் பொறுக்க முடியவில்லை. பிளாட்பாரத்திலேயே படித்தாள். டாக்டர் தனியாக நிற்கிறார். தனியாகவே தண்ணீர் காய்ச்சுகிறார், தனியாகவே பிணம் தூக்குகிறார். நடுவில் ஒரு வரி: 'போனவள் போனவள்தான்.' அவ்வளவே. பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அவள் கடைக்காரரோடு சண்டை போட்டாள். அவர் வேறு ஒரு பிரதியைப் பிரித்துக் காட்டினார். அதிலும் அதே. ரயிலில் பக்கத்தில் இருந்தவள் மெதுவாக, "இதுல வரலியே?" என்றாள். "அடுத்த வாரம் வரும்" என்றாள் ஜெயசீலி. அடுத்த வாரம் டாக்டருக்குப் பட்டினத்தில் பாராட்டு விழா நடந்தது. அதற்கு அடுத்த வாரம் அவருக்குத் தலை நரைத்தது. வாரா வாரம் அடியில் 'தொடரும்' போட்டிருந்தார்கள். ஆயா மட்டும் திரும்பவே இல்லை. கடைசி அத்தியாயத்தில் 'முற்றும்' போட்டுவிட்டார்கள்.

பத்திரிகைக்கு எழுதிப் போட்டாள். பதில் இல்லை. ரயிலில் அவள் நீட்டும் மீதிப் பத்திரிகையை இப்போது அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வாங்கினார்கள்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கதைப் புத்தகத்தை மட்டும் தொடமாட்டாள். ஆனால் காது நன்றாகக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவள் பாதியில் திரும்பி வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் கூடத்தில் நின்றாள்.

"இன்னாடி செஞ்சு வெச்சிகீற? கோயிலாண்ட ஒருத்தி கேக்கறா, ஓடிப்போன ஆயா நீதானான்னு. அந்தாண்ட திரும்பினா மீன் விக்க வர்ற அங்காளம்மா கேக்கறா. கோவளத்துல கடல்கரை பூரா அதே பேச்சாம்."

"நான் முழுசாத்தாம்மா சொன்னேன். நீ திரும்பி வந்ததையும் சொன்னேன். அந்த ஆள்தான்..."

"அவன் கெடக்கறான். அவன் எனுக்கு யாரு? நான் ஓடனத ரெண்டு பேராண்டதான் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியாராண்ட சொன்னேன். உன்னாண்ட சொன்னேன். சாமியாரு இத்தினி வருசமா வாய தொறக்கல. நீ காப்பி குட்த்து ஒக்கார வெச்சு சொல்லிகீற."

அன்றிலிருந்து அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். மீன்கூடை வந்து வாசலில் இறங்கினால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகளோடு பேச்சு, சோறு ஆச்சா, குழம்பு ஆச்சா என்பதோடு சரி. காலராப் பிணங்களுக்கு நடுவே நின்ற பெண்பிள்ளை, இப்போது தெருக்கதவைத் திறக்க யோசித்தாள். இது நியாயமா? யாரை நிற்க வைத்துக் கேட்பது? ஜெயசீலி முதலில் ஸ்ரீரங்கன் மேல் கொதித்தாள். அப்புறம் பத்திரிகை மேல். கோபம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரு மத்தியானம் ஆபீஸில், ஜன்னலோர மேஜைக்கு எதிரே அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது.

"மாணிக்கவேல் சார், உங்க ஊர்ல அந்தப் படைத்தலைவர் கோட்டைக் கதவுல என்னதான் செஞ்சார்? எனக்குச் சொல்லுங்க."

மாணிக்கவேல் நிமிர்ந்து பார்த்தார். அவரும் டாக்டர் தொடரைப் படித்திருந்தார். அவருக்கும் கோபம் இருந்தது, இத்தனை வருஷமாக ஊற வைத்திருந்த கோபம்.

"இப்ப எதுக்கு மிஸ்?" என்றார். "அன்னிக்கே சொன்னேனே. சிரிச்சீங்களே."

காரியரை மூடிக்கொண்டு எழுந்து போனார். அவர் செய்தது சரி என்றுதான் அவளுக்குப் பட்டது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

டாக்டர் தொடரின் பக்கங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு அப்பாதுரை கடைக்குப் போனாள். அப்பாதுரைக்கே ஆச்சரியம். "இத்தயுமா பைண்டு போடணும்? நானா இருந்தா அடுப்புல போட்டிருப்பேங்க்கா."

"போடுங்க. எதையும் வெட்டாதீங்க."

"பத்தொம்பதாம் அத்தியாயத்துக்குக் கீழ கால் பக்கம் காலியா கீது. அத்த மட்டும்..."

"அந்த இடத்துல கை வெச்சீங்கன்னா அப்புறம் தெரியும்."

அப்பாதுரை கத்தியை எடுத்து உறைக்குள் போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் ஆரம்பத்தில் அந்தத் தொடர் புத்தகமாக வந்தது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எழுத்தாளருக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். ஜெயசீலி பைண்டு புத்தகத்தைக் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட? அவனாண்டயா?"

"ஆமா."

"போயி இன்னா செய்வ? அச்சுல ஏறினத அழிக்க முடியுமா உன்னால?"

ஜெயசீலி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஹாலில் கூட்டம் நெரிந்தது. பேச வந்த ஒருவர், புயலில் ஓடின ஆயாவை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு விளாசினார். சுயநலத்துக்கு அவள் ஓர் உதாரணமாம். தியாகத்தின் பக்கத்தில் கோழைத்தனத்தை நிறுத்திக் காட்டிய எழுத்தாளருக்கு அவர் ஒரு சால்வை போர்த்தினார். கூட்டம் உச்சுக் கொட்டியது, அப்புறம் கைதட்டியது. அதே கைதட்டலைத் தானும் எத்தனை தரம் தட்டியிருக்கிறோம் என்று ஜெயசீலிக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு வரிசை நின்றது. அவளும் நின்றாள். முறை வந்தபோது ஸ்ரீரங்கன் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"வாங்கம்மா. சிட்லபாக்கம்தானே? அம்மா சௌக்கியமா?"

"எங்கம்மா திரும்பி வந்தாங்க சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடச் சிரிப்பு போகவில்லை. "வந்தாங்கதான். நீங்க சொன்னீங்க, ஞாபகம் இருக்கு. அடுப்புல தண்ணி வச்சிட்டு வந்துட்டேன்னு ஒருத்தர் திரும்பி வந்தா வாசகனுக்குச் சப்புன்னு போயிடும்மா. நீங்க எவ்வளவு படிச்சவங்க, உங்களுக்கே தெரியும். கதைன்னு இருந்தா ஓடிப்போறவங்க ஒருத்தர் வேணும். இல்லாட்டி டாக்டர் எப்படித் தனியா நிப்பாரு?"

மோர் சாதம் பிசைந்துகொண்டு தான் சொன்ன அதே வார்த்தை. ஜெயசீலிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"அவர் தனியா நிக்கல. கூட ஒருத்தி நின்னா. எங்க போனேன்னு கேக்காம தண்ணி கொதிச்சாச்சான்னு கேட்டாரே, அதை எழுதியிருந்தா உங்க டாக்டர் இன்னும் பெரிய மனுஷனா ஆகியிருப்பார். அவரையும் சேர்த்துக் கெடுத்துட்டீங்க. எங்கம்மா கோயிலுக்குப் போறதில்ல இப்ப. மீன்காரம்மா முகத்துல முழிக்கறதில்ல."

வரிசை முணுமுணுத்தது. பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம்மா" என்றார். ஸ்ரீரங்கன் பேனாவின் மூடியைக் கழற்றி, புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். "குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். அம்மா பேருக்கே போடறேன்."

ஜெயசீலி முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். விளக்கு அணைந்த வரி. அதற்கடியில் 'தொடரும்'. அதற்கடியில், அப்பாதுரை வெட்டாமல் விட்ட வெள்ளை இடம். அவர் கையிலிருந்து பேனாவையும் மூடியையும் வாங்கிக்கொண்டாள். கேட்டு வாங்கவில்லை. குனிந்து, டைப் அடித்துப் பழகிய விரல்களால், தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தில் மையால் எழுதினாள்.

'அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அருள்மேரி திரும்பி வந்தாள்.'

மை காயும் வரை ஊதினாள். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினாள்.

"இதுக்குக் கீழே போடுங்க சார்."

அவர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். அவள் ஓர் அடி நகரவில்லை. பேனாவின் மூடியைத் தன் கைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.